வால் வைத்த தேசியப் பட்டம்

போன வாரம் சாயங்காலச் செய்தியில் ஒரு பையனைக் காட்டினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வியர்வை வழிய வழிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தரையோடு தரையாக ஒரு கார். "தேசிய கார் பந்தயத்தில் பட்டம் வென்றார்" என்று செய்தி வாசிக்கிற பெண் சொல்லி வாயை மூடவில்லை, என் வாய் என்னைக் கேட்காமலே கேட்டுவிட்டது: "வால் எங்க?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "காருக்கு ஏது அத்தை வாலு?" என்றாள். அவள் மெயின்லேண்டில் பிறந்து வளர்ந்த பெண். மாமியாருக்கு வயதாகிறது என்று நினைத்திருப்பாள். பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்த சிரிப்பில் புரையேறி, நான் போய்த் தலையில் தட்டவேண்டியதாயிற்று. சிரிப்பதற்கு அவருக்குக் கொஞ்சமும் யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் அவசரமாக எங்கும் போகவேண்டியதில்லையே?

கான்வாஸ் துணியிலிருந்து தொடங்குகிறேன். புதுக் கான்வாஸுக்கு ஒரு வாசனை உண்டு. மெழுகும் மண்ணெண்ணெயும் நனைந்த சாக்கும் கலந்த மாதிரி. இன்றைக்கும் கடைத்தெருவில் யாராவது தார்ப்பாயை உதறினால் எனக்கு வயது இருபது சொச்சம் ஆகிவிடும். அறுபதுகளின் நடுவில் இங்கே அந்தமானில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு மேலே இருக்கும் சரிவில் என் மாமா சவரிமுத்து ஒரு மோட்டார் ஷெட் வைத்திருந்தார். என் அத்தையைக் கட்டியவர். தூத்துக்குடியில் லாஞ்சு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர் கப்பலேறி இங்கே வந்து ஜீப் எஞ்சின் பார்க்க ஆரம்பித்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் எது தரை எது என்று தெரியவா போகிறது என்பது அவர் கட்சி. ஷெட்டின் மூலையில் ஒரு தையல் மெஷின். அதில் உட்கார்ந்து ஜீப்புகளுக்கு ஹூட் தைப்பது என் வேலை. ஹூட் என்றால் தலைக்கு மேலே போடுகிற கான்வாஸ் கூரை. அந்தமான் மழைக்கு எந்த ஹூட்டும் ரொம்ப நாள் தாங்காது என்பதால் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஊசி உடைந்தால் நான் திட்டுகிற திட்டு ஜெட்டி வரை கேட்கும் என்று மாமா சொல்வார். சுத்தப் பொய். பாதி தூரம்தான் கேட்கும்.

சாத்தம் மர ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் படாக் மரத்தூள் செக்கச்செவேலென்று வந்து என் துணியில் படியும். அதை உதறிக்கொண்டே ஊர்க்கதை கேட்பேன். அந்தக் கதைகளில் பாதியைக் கொண்டுவந்தது மைக்கேல், எங்கள் மெக்கானிக். தீவிலேயே பிறந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இந்தி. தமிழ் எழுத்துக்களை அவருடைய அம்மா ஜெபப் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொடுத்திருந்தார். அதனால் எதைப் படித்தாலும் ஜெபம் சொல்கிற ராகத்திலேயே படிப்பார். மளிகைக் கடை விளம்பரத்தை அவர் வாசித்தால் முடிவில் "ஆமென்" சொல்லத் தோன்றும்.

தமிழ்ப் பேப்பர் அப்போது தினமும் வருகிற பொருள் இல்லை. சென்னையிலிருந்து கப்பல் வரவேண்டும். பழைய பேப்பர்கள் கட்டுக்கட்டாக இறங்கும். அப்படி ஒரு கட்டில்தான் அந்தப் படம் இருந்தது. கூரையே இல்லாத ஒரு குட்டிக் கார், அதில் கண்ணாடி மாட்டிய ஒரு ஆள். மைக்கேல் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார். "ஸ்போர்ட்ஸ்... கார்... பந்... தயத்தில்... தேசியப்... பட்டம்..."

"என்னல, செபமாலையா சொல்லுத? ஜல்தி படி" என்றார் மாமா.

பக்கத்தில் கரீம் பாய் நின்றுகொண்டிருந்தார். மரக் கான்ட்ராக்டர் ஒருவரிடம் ஜீப் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய தாத்தாவைக் கைதியாக இங்கே கொண்டுவந்தார்கள். பேரன் தீவைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. தமிழ் தெரியாது. "க்யா லிக்கா ஹை?" என்று கேட்டார், என்ன எழுதியிருக்கிறது என்று.

மைக்கேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மொழிபெயர்த்தார். "கார் ரேஸ், பாய். ஜோ ஜீத்தா, உஸ்கோ நேஷனல் பதங் மிலா."

பதங் என்றால் இந்தியில் நூல் கட்டி வானத்தில் விடுகிற பட்டம். அதாவது, ஜெயித்தவனுக்கு நாட்டின் சார்பில் ஒரு காற்றாடி கிடைத்தது என்று சொல்லிவிட்டார் மனிதர்!

"பதங்? காடி தௌடாக்கே பதங்?" என்று கரீம் பாய் வாயைப் பிளந்தார். கார் ஓட்டியதற்குக் காற்றாடியா என்று அவருக்கு ஆச்சரியம்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எதற்கும் விளக்கம் தெரியும். "காத்தா பறந்தவனுக்குக் காத்துல பறக்குறதக் குடுக்கான். பொருத்தமாத்தான கெடக்கு!" என்றார். அதோடு விஷயம் தீர்ந்தது.

நீ என்னம்மா செய்துகொண்டிருந்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். நானும் தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் எதிலும் எந்தப் பட்டமும் வாங்கியதில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு பட்டம் சாமியார்களுக்குக் கொடுக்கிற குருப்பட்டம். உள்ளதைச் சொல்கிறேனே, எங்கள் ஊர்க் கோயிலில் ஒருவருக்குக் குருப்பட்டம் என்று சொன்னபோதும் சின்ன வயதில் நான் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சும்மா இருப்பார்களா? நாமும் ஓட்டுவோம் என்று ஆரம்பித்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று படத்தை வைத்து முடிவுகட்டினார்கள். கூரை இருக்கக் கூடாது, இரண்டு பேர் உட்காரவேண்டும், அவ்வளவுதான். ஹூட்டைக் கழற்றிவிட்டால் எந்த ஜீப்பும் ஸ்போர்ட்ஸ் கார். என் பிழைப்பே ஹூட் தைப்பது, இவர்கள் அதைக் கழற்றி எறிந்தால்தான் கௌரவம் என்கிறார்களே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்தவன் ஜீப்பை எப்படிப் பந்தயத்தில் ஓட்டுவது? அதற்கும் வழி இருந்தது. ரிப்பேர் முடிந்த வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். அதற்கு ட்ரையல் என்று பெயர். தேசியப் பட்டச் செய்தி கப்பலில் வந்துவிட்டால், ஷெட்டில் நிற்கிற எல்லா ஜீப்பும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, ஒரே ரோட்டில் ட்ரையலுக்குக் கிளம்பும். ஊருக்கு வெளியே வீடுகள் முடிகிற இடத்திலிருந்து சிப்பிகாட் வயல் வழியாகப் பண்ணை மேட்டின் உச்சி வரை. வண்டிக்காரர்கள் யாராவது கேட்டால் மாமா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "எஞ்சின்ல ஒரு சத்தம் கேட்டுச்சு, அதான் கொஞ்சம் தூரமா ஓட்டிப் பாத்தேன்" என்பார்.

பட்டத்தை நாங்களே செய்தோம். மூங்கிலுக்கா பஞ்சம்? கப்பல்காரர் ஒருவர் கொடுத்த மெல்லிய வெள்ளைத் துணியை ஒரு கதவு அகலத்துக்கு நான் தைத்தேன். ஜெயிக்கிறவரின் ஜீப் ஹூட்டிலிருந்து ஒரு கீற்றுக் கான்வாஸ் கிழித்து வாலில் முடிவது என்று ஒரு வழக்கம் தானாக வந்துவிட்டது. முதல் வருஷம் மைக்கேலுடைய காக்கிக் கீற்று. அடுத்த வருஷம் ஒரு தெலுங்கு டிரைவரின் பச்சைக் கீற்று. மறுபடி மைக்கேல். பட்டம் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போகும், வால் வருஷத்துக்கு வருஷம் நீளும்.

மெயின்லேண்டுப் பந்தயத்தையும் நாங்கள் விடாமல் கவனித்தோம். பம்பாய்ப் பக்கம் ஒன்று, கல்கத்தாப் பக்கம் ஒன்று, சென்னைக்கு வெளியே சோழவரத்தில் ஒன்று, எல்லாம் சண்டைக்காலத்து விமான ஓடுபாதைகளில் நடக்கும். முதலில் மகாராஜாக்களும் தோட்டத்துரைகளும் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். பிறகு வெளியிலிருந்து கார் வருவது குறைந்ததும், ஊரில் ஓடுகிற சாதாரணக் காரின் எஞ்சினைப் பிடுங்கி, மேலே தகரத்தை வளைத்து அடித்து, அதையே ஸ்போர்ட்ஸ் கார் என்று ஓட்ட ஆரம்பித்தார்கள். இதைப் படித்தபோது மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம ஷெட்டுல செய்யுத வேலதாம்ல இது!" என்று ஷெட்டிலிருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரே தொல்லை, பேப்பர் கட்டுகள் வரிசையாக வராது. பிந்தின வாரம் முதலில் வரும், முந்தின வாரம் அடுத்த கப்பலில் வரும். எங்களுக்கு மட்டும் சாம்பியன் முதலில் கோப்பையை வாங்குவார், பிறகு பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பார். ஒருமுறை ஒருவர் ஜெயித்ததற்காக மிட்டாய் தின்று முடித்த பிறகு, அவர் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மைக்கேல் படித்தார். பாவம், அது போன வருஷத்துக் கால்.

கரீம் பாய்க்கு வருவோம். எங்களில் அவரைப் போல ஜீப் ஓட்டுகிறவர் யாரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் இரண்டாவதுதான். வண்டி அப்படி. சண்டைக்காலத்து ஜீப், கான்ட்ராக்டர் அதற்கு ஒரு சொட்டு ஆயில் கூட மனசாரக் கொடுக்கமாட்டார். அதன் ஹூட்டை நான் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, பழைய துணி எது ஒட்டு எது என்று எனக்கே தெரியாது. அந்த வருஷம் ஹூட்டைத் தைக்கக் கொண்டுவந்தபோது என் பக்கத்தில் ஒரு டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பேட்டி, காடி கண்டம் ஹோ கயா" என்றார். மகளே, வண்டியைக் கழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த கப்பலில் கான்ட்ராக்டருக்குப் புது வண்டி வருகிறது, ஜீப் இரும்பு விலைக்குப் போகிறது. "யே ஆக்ரி மௌகா." இதுதான் கடைசி வாய்ப்பு.

அடுத்த வருஷம் வேறு வண்டியில் ஓட்டுங்களேன் பாய் என்றேன். தலையை ஆட்டினார். புது வண்டியை எந்த முதலாளியும் ட்ரையல் என்று சொல்லி நம்பிக் கொடுக்கமாட்டார். அதோடு கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, அதை நான் யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். பிறகு மெதுவாக, "மேரே தாதா கோ ஸர்கார் நே ஜஹாஜ் மே பிட்டாயா. முஜே கிஸி நே நஹி பிட்டாயா" என்று சிரித்தார். தாத்தாவைச் சர்க்காரே கப்பலில் உட்காரவைத்துக் கூட்டிவந்தது, என்னை இதுவரை யாரும் உட்காரவைக்கவில்லையே என்கிறார்! ஒருமுறையாவது அந்த வாலில் தன் கீற்று இருக்கவேண்டும், நேஷனல் என்று பெயர் உள்ள ஒன்றில் தனக்கும் ஒரு துண்டு இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் ஊசியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த வருஷம் கப்பல் எங்கேயோ ரிப்பேரில் கிடந்து, வரவே இல்லை. மெயின்லேண்டில் பட்டம் யாருக்கு என்று தெரியாமல் இங்கே பந்தயம் வைக்கக்கூடாது என்பது மாமாவின் சட்டம். ஒருவழியாகக் கப்பல் வந்தபோது மழைக்காலம் பிடித்துவிட்டது. பட்டச் செய்தியும் கான்ட்ராக்டரின் புது வண்டியும் அதே கப்பலில் வந்து இறங்கின. கூடவே இன்னொருவரும் வந்தார். கப்பல் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த கிளார்க் சுந்தரம், அசல் சென்னைக்காரர், சோழவரம் பந்தயத்தை நேரில் பார்த்தவர். விடுவோமா? "சார், எங்க பந்தயத்துக்கு நீங்கதான் ஜட்ஜி, பட்டத்த உங்க கையால குடுக்கணும்" என்று மாமா அமுக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனால், கரீம் பாய் "பேட்டி, பைட்" என்று பக்கத்து சீட்டைத் தட்டுகிறார். இரண்டு பேர் உட்காரவேண்டும் என்பது சட்டமாயிற்றே. எனக்கு தர்மசங்கடம். ஏனென்றால் பக்கத்து ஜீப்பில் மைக்கேல். அந்த ராகம் போட்ட தமிழின் மேல் எனக்கு ஒரு இது உண்டு என்று ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும், மைக்கேலைத் தவிர. இருந்தாலும் ஏறி உட்கார்ந்தேன்.

வயல் வழியே போகும்போதே தூறல் வந்துவிட்டது. ஹூட் இல்லாத வண்டியில் ஹூட் தைக்கிறவள் நனைந்துகொண்டு போனேன். தெலுங்கு டிரைவர் ஒரு வாத்துக் கூட்டத்துக்காக வண்டியை நிறுத்தினவர் நிறுத்தினவர்தான். மைக்கேல் முன்னால், நாங்கள் இரண்டாவது, வழக்கம்போல. பண்ணை மேட்டுக்கு ஏறுகிற பாதை செம்மண். அது மழையில் சேறாகிக் கிடந்தது. மைக்கேல் பாதி மேட்டில் சக்கரம் சுழலச் சுழல நின்றார். எங்கள் வண்டி அடிவாரத்திலேயே உறுமிவிட்டு நின்றது. முதல் கியர் பல் தேய்ந்து போயிருந்தது, இழுக்கவில்லை. போச்சு என்று நினைத்தேன்.

கரீம் பாய் என்னைப் பார்த்தார். "பீச்சே தேக்கோ" என்றார். பின்னால் பார்க்கவா? எதற்கு? அதற்குள் வண்டியை அப்படியே திருப்பிவிட்டார். முகம் வயலைப் பார்க்க, முதுகு மேட்டைப் பார்க்க, ரிவர்ஸ் கியரைப் போட்டார். அந்த ஜீப்பில் ரிவர்ஸுக்குத்தான் இழுவை அதிகம். காட்டில் மரம் இழுக்கிற பாதையில் அவர் தினமும் செய்கிற வேலை அது. வண்டி முனகிக்கொண்டு, பாதையோர நாணலில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி ஏற ஆரம்பித்தது. மைக்கேலைத் தாண்டினோம். தாண்டின பிறகும் நாங்கள் அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே போனோம்! சேறு அடித்த முகத்தோடு அவர் "ஏய், ஏய்" என்று கத்தினார். நான் கையை ஆட்டி டாட்டா காட்டினேன். அப்படிச் சிரித்து எனக்கு வயிறு வலித்ததில்லை, அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி.

உச்சியில் மாமாவும் சுந்தரம் சாரும் குடையோடு நின்றார்கள். எங்கள் ஜீப்பின் பின்பக்கம் கோட்டைத் தாண்டியது. மைக்கேல் நடந்தே மேலே வந்தார்.

"ரிவர்ஸ்ல வந்தா அது கணக்கா சார்?"

"முதல்ல வரணும்னுதாம்பா ரூலு. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு ரூலே இல்ல" என்றார் சுந்தரம் சார், கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே. "எங்க, பட்டத்தைக் கொண்டாங்க."

மாமா குடைக்கு அடியிலிருந்து பட்டத்தை எடுத்து, வாலைச் சுருட்டி, பக்தியோடு நீட்டினார். சுந்தரம் சார் அதை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாங்க இது, காத்தாடி? பட்டம் எங்க?"

"இதாம் சார் பட்டம்."

"இது காத்தாடிங்க! பட்டம்னா... டைட்டிலு. இவர்தான் ஜெயிச்சாருன்னு குடுக்கற பேரு. யாரு உங்களுக்கு இதைச் சொன்னது?"

எல்லோரும் மைக்கேலைப் பார்த்தோம். சேற்றையும் மீறி அவருடைய காதுமடல் சிவந்தது. இத்தனை வருஷமும் நாங்கள் பத்திரமாகக் கைமாற்றிக்கொண்டிருந்தது ஒரு மொழிபெயர்ப்புத் தப்பு! எனக்கு அதைவிடப் பெரிய பயம் கரீம் பாய். மனிதர் இப்போதுதான் ஜெயித்திருக்கிறார், கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். "க்யா போலா?" என்று கேட்டார், சார் என்ன சொன்னார் என்று. மைக்கேல்தான் சொல்லவேண்டும், வேறு யார் சொல்வது? தட்டுத்தடுமாறி, அது பதங் இல்லை பாய், ஜெயித்தவருக்குக் கொடுக்கிற பெயர், பெரிய பெயர் என்று இந்தியில் இழுத்தார்.

"கிதாப்" என்றார் கரீம் பாய், அமைதியாக.

"பொஸ்தகமா?" என்று மாமா குறுக்கே வந்தார். இந்தியில் பட்டத்துக்குச் சொல்கிற கிதாபுக்கும் புத்தகத்துக்குச் சொல்கிற கிதாபுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் தூத்துக்குடிக் காதில் ஏறாது. "பொஸ்தகத்துக்குக் காத்தாடியே தேவலைல்லா!"

கரீம் பாய் சிரித்தார். தனக்கு முன்னமே தெரியும் என்றார். ஒரு கப்பல் சமையல்காரர் இரண்டு வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டாராம். பிறகு ஏன் பாய் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அவர் சுந்தரம் சார் கையிலிருந்து பட்டத்தை வாங்கிக்கொண்டார்.

"கிதாப் உடேகா க்யா?"

பெயர் பறக்குமா என்று கேட்டார்! நான் அழுதேன், வெட்கமில்லாமல். வண்டியின் பின்னால் சுருட்டிக் கிடந்த ஹூட்டை எடுத்து ஒரு கீற்றுக் கிழிக்கப் போனேன். "பூரா லே லோ" என்றார், வண்டியே போகிறது, முழு ஹூட்டையும் எடுத்துக்கொள் என்று. ஒட்டுப்போட்ட இடமாகப் பார்த்துக் கிழித்து வாலில் முடிந்தேன். மழை விட்டிருந்தது. மேட்டு உச்சியிலேயே ஏற்றினோம். நூலை மைக்கேல் பிடித்து ஓடினார், கால் வழுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். அந்தச் சிவந்த காதுமடலோடு அவர் ஓடினதைப் பார்த்தபோதுதான் இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் முடிவுசெய்தது. இன்றுவரை அவருக்கு அது தெரியாது. மேட்டில் ரிவர்ஸ் ஜீப்பிடம் தோற்றதால் எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நினைத்துக்கொள்ளட்டும்.

அதுதான் கடைசிப் பந்தயம். சிப்பிகாட் ரோட்டில் பஸ் அதிகமாகிவிட்டது, ட்ரையல் ரகசியம் வண்டிக்காரர்களுக்குத் தெரிந்து மாமாவுக்கு நல்ல அர்ச்சனை கிடைத்தது. பட்டம் கரீம் பாய் வீட்டிலேயே தங்கிவிட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய கண்ணுக்கு ஆபரேஷன் என்று சுந்தரம் சார் எல்லா ஏற்பாடும் செய்து, கப்பலில் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அந்த மனிதரை முதல்முதலாகக் கப்பலில் யாரோ உட்காரவைத்தார்கள்! மைக்கேலும் நானும், எங்கள் மூத்தவன் இடுப்பில், சாத்தம் பாலத்தில் நின்று பார்த்தோம். கப்பல் நகர்ந்ததும் அதன் பின்தட்டிலிருந்து வெள்ளையாக ஒன்று கிளம்பி மேலே போயிற்று. காக்கி, பச்சை, காக்கி, கடைசியில் ஒட்டுப்போட்ட கீற்று. வால் தெரிகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டிருந்தோம்.

கண் தெளிந்து திரும்பி வந்தார். பட்டம் எங்கே பாய் என்று ஓடிப்போய்க் கேட்டேன். சென்னையில், சுந்தரம் சாருடைய அண்ணன் வீட்டு மொட்டைமாடியில், ஏற்றி நூலை விட்டுவிட்டாராம்.

"நேஷனல் சீஸ் தா, பேட்டி. நேஷன் மே சோட் ஆயா."

நாட்டுக்குச் சொந்தமானதை நாட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவரை என்ன சொல்வது?

அவரும் இல்லை, மாமாவும் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் செல்ஃபோன் கடை. ஜீப்புகளுக்கெல்லாம் இரும்புக் கூரை வந்துவிட்டது, கான்வாஸ் ஹூட் என்றால் யாருக்கும் தெரியாது. சுனாமிக்குப் பிறகு சிப்பிகாட் வயலில் கடல் புகுந்து அப்படியே தங்கிவிட்டது. வாத்துகள் எங்களை மறித்த இடத்தில் இப்போது கொக்கு மீன் பிடிக்கிறது. செய்தி வந்த நிமிஷமே ஃபோனில் வந்துவிடுகிறது, ஒரு சாம்பியனும் ஜெயித்த பிறகு காலை உடைத்துக்கொள்வதில்லை.

மகள் சென்னையில் இருக்கிறாள். போனால் சாயங்காலம் மொட்டைமாடிக்கு ஏறி, மின்கம்பி, மரக்கிளை, செல்ஃபோன் கோபுரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "என்னம்மா தேடுற?" என்று கேட்பாள். என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவார், அதே ஜெப ராகத்தில்.

"தே... சியப்... பட்டம்."